இயக்க ஆற்றல்: வேகம் ஏன் இரண்டு முறை கணக்கில் வருகிறது?

டியூஷனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். ஒரே மாதிரியான இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 60 கி.மீ., மற்றதன் வேகம் 80. எதிரே சாலையை மறித்து ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே அளவு அழுத்தி பிரேக் போடுகிறார்கள். 60-ல் வந்த கார் மரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகிறது. 80-ல் வந்த கார் மோதிவிடுகிறது. மோதும்போது அதன் வேகம் எவ்வளவு?

"எண்பதில் அறுபது போனால் இருபது, சார்." வகுப்பே இப்படித்தான் சொல்லும். பிள்ளையை அழைத்துப் போக வரும் அப்பாக்களிடம் கேட்டாலும் இதே பதில்தான், அதுவும் இருபது வருடமாக வண்டி ஓட்டுபவர்களிடமிருந்து. விடை 20 இல்லை, அதன் பக்கத்தில்கூட இல்லை. உங்கள் ஊகத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகப் போக நீங்களே அதைத் திருத்திக்கொள்வீர்கள்.

முதல் படி: நிறையையும் வேகத்தையும் சரியான அலகுக்கு மாற்றுவது

நகரும் எந்தப் பொருளிடமும் ஆற்றல் இருக்கிறது. அதை நிறுத்த நாம் வேலை செய்ய வேண்டியிருப்பதே அதற்குச் சாட்சி. இந்த ஆற்றலுக்கு இயக்க ஆற்றல் என்று பெயர். இதைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: பொருளின் நிறை, அது போகும் வேகம். நிறம், வடிவம், என்ன உலோகம் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வராது.

நிறை என்றால் பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. இலங்கைப் பாடநூல்களில் இதைத் திணிவு என்பார்கள். பேச்சில் நாம் எடை என்று சொல்லிவிட்டுக் கிலோவில் குறிப்பிடுவதும் பெரும்பாலும் இதைத்தான். பரீட்சைத் தாளில் மட்டும் நிறையையும் எடையையும் குழப்பாமல் இருந்தால் போதும். எடை என்பது பூமி இழுக்கும் விசை, அதன் அலகு நியூட்டன்.

நிறையைக் கிலோகிராமில் எழுத வேண்டும். 160 கிராம் என்றால் 0.16. வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுத வேண்டும். வண்டியின் மீட்டர் மணிக்கு இத்தனை கி.மீ. என்றுதான் காட்டும், அதனால் 3.6-ஆல் வகுங்கள். 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் வகுக்க வேண்டுமா பெருக்க வேண்டுமா என்ற சந்தேகம் பிறகு வராது.

இரண்டாம் படி: ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்பது

சூத்திரம் இதுதான்:

இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம் × வேகம்

வேகத்தின் வர்க்கம் என்று சுருக்கி எழுதாமல் வேண்டுமென்றேதான் வேகத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். நிறைக்குச் சூத்திரத்தில் ஒரு நாற்காலி, வேகத்துக்கு இரண்டு.

125 கிலோ பைக், 75 கிலோ ஆள், மொத்தம் 200 கிலோ. வேகம் 60 கி.மீ. அதை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 16.67 மீட்டர். முதலில் வேகத்தை வேகத்தால் பெருக்குங்கள்: சுமார் 277.8. அதை 200-ஆல் பெருக்கினால் 55,560. பாதியாக்கினால் 27,780. அலகு ஜூல். ஆக, அந்த பைக்கும் ஆளும் சேர்ந்து கிட்டத்தட்ட 27.8 கிலோஜூல் ஆற்றலோடு போகிறார்கள்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ½, நிறை, வேகம் மூன்றையும் பெருக்கிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வர்க்கம் எடுப்பார்கள். வர்க்கம் வேகத்துக்கு மட்டும்தான். கால்குலேட்டரிலும் வேகத்தையே முதலில் தட்டுங்கள்.

நிறையை மட்டும் மாற்றினால்

இது எளிது, சீக்கிரம் கடந்துவிடலாம். தெருவில் ஆடும் டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம். கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. 160 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் 100 கி.மீ. வேகத்தில் வீசினால் டென்னிஸ் பந்திடம் சுமார் 22 ஜூல், கிரிக்கெட் பந்திடம் சுமார் 62 ஜூல். நிறை 2.76 மடங்கு, ஆற்றலும் 2.76 மடங்கு. நிறை எத்தனை மடங்கோ ஆற்றலும் அத்தனை மடங்கு, அவ்வளவுதான். (டென்னிஸ் பந்து பட்டால் அவ்வளவாக வலிக்காததற்கு இது மட்டும் காரணமில்லை. அது நசுங்கிக் கொடுக்கும். அந்தக் கதை பின்னால் வருகிறது.)

வேகத்தை மட்டும் மாற்றினால்

அதே 160 கிராம் பந்தைச் சுழற்பந்து வீச்சாளர் 80 கி.மீ. வேகத்தில் போடுகிறார். ஆற்றல் சுமார் 39.5 ஜூல். 2003 உலகக் கோப்பையில், கேப் டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக சோயப் அக்தர் போட்ட பந்து 161.3 கி.மீ. என்று பதிவானது. அதற்குக் கணக்குப் போட்டால் சுமார் 160 ஜூல். வேகம் இரண்டு மடங்குதான், ஆற்றல் நான்கு மடங்கு. ஸ்பின்னர் பந்தை ஹெல்மெட் இல்லாமல் ஆடியவர்கள்கூட வேகப்பந்துக்கு ஓடிப் போய் மாட்டிக்கொண்டு வருவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது நம் 200 கிலோ பைக்குக்குத் திரும்புவோம்.

20 கி.மீ. வேகத்தில் 3,086 ஜூல்
40 கி.மீ. வேகத்தில் 12,346 ஜூல்
60 கி.மீ. வேகத்தில் 27,780 ஜூல்
80 கி.மீ. வேகத்தில் 49,383 ஜூல்

20-ல் இருக்கும் ஆற்றலை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் இது 1, 4, 9, 16 பங்கு. இதை இன்னொரு விதமாகவும் பாருங்கள். சும்மா நிற்கும் பைக்கை 20-க்குக் கொண்டுவர ஒரு பங்கு போதும். 20-லிருந்து 40-க்குப் போக மூன்று பங்கு. 40-லிருந்து 60-க்கு ஐந்து. 60-லிருந்து 80-க்கு ஏழு. முள் ஒவ்வொரு முறையும் அதே 20 கி.மீ.தான் ஏறுகிறது, ஆனால் கடைசி 20-க்கு மட்டும் முதல் 20-ஐப் போல ஏழு மடங்கு ஆற்றல் உள்ளே போகிறது. 1, 3, 5, 7 என்ற இந்த வரிசையை நினைவில் வையுங்கள், மரத்தடிக் கணக்கை இதுவே தீர்க்கப்போகிறது.

ஜூல் என்றால் பலருக்கு மனதில் எதுவும் தோன்றாது, எனக்கும் அப்படித்தான். அதனால் உயரமாக மாற்றிச் சொல்வேன். 40 கி.மீ. வேகத்தில் போகும் பொருளிடம் உள்ள இயக்க ஆற்றல், அது 6.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் இரண்டு மாடி. 60-க்கு 14.2 மீட்டர், அதாவது நான்கரை மாடிக்குச் சற்று மேல். 80-க்கு 25.2 மீட்டர், எட்டு மாடிக்கும் மேல். பொருள் கனமா லேசா என்பது இந்த உயரத்தை மாற்றாது. எட்டாவது மாடி பால்கனியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கவே நமக்கு அடிவயிறு கூசும். அதே உயரத்துக்கான ஆற்றலோடு பைபாஸில் ஒரு கையை விட்டுவிட்டு செல்போனை எடுப்போம்.

மூன்றாம் படி: வர்க்கம் எங்கிருந்து வந்தது?

சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எனக்கு இந்தப் பாடத்தில் பிடித்த இடமே இதுதான்.

பிரேக் போட்டால் வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் 20 கி.மீ. குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-ல் போன வண்டி ஒரு நொடியில் நிற்கும். அந்த ஒரு நொடியில் அதன் வேகம் 20-லிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்குவதால் சராசரி 10. சுமார் 2.8 மீட்டர் ஓடி நிற்கும்.

40-ல் போன வண்டிக்கு இரண்டு நொடி வேண்டும். சராசரி வேகமும் 10 இல்லை, 20. ஆக, இரண்டு மடங்கு நேரம், அந்த நேரம் முழுக்க இரண்டு மடங்கு வேகம். ஓடும் தூரம் நான்கு மடங்கு, 11.1 மீட்டர். வேகம் ஒரு முறை நேரத்தை நீட்டுகிறது, இன்னொரு முறை அந்த நேரத்தில் ஓடும் தூரத்தை நீட்டுகிறது. சூத்திரத்தில் அதற்கு இரண்டு நாற்காலி கிடைத்தது இப்படித்தான். முன்னால் நிற்கும் ½ எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது சராசரி எடுத்தபோது வந்த பாதி.

பிரேக் கொடுக்கும் விசையை இந்தத் தூரத்தால் பெருக்கினால் பிரேக் செய்த வேலை கிடைக்கும். அந்த வேலை எவ்வளவோ, வண்டியிடம் இருந்த இயக்க ஆற்றலும் அவ்வளவுதான்.

இதை ஒப்புக்கொள்ள ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்கே பல பத்தாண்டுகள் பிடித்தன. நகரும் பொருளின் வலிமையை அளக்க நிறையை வேகத்தால் ஒரு முறை பெருக்கினால் போதும் என்றது ஒரு கட்சி. இரண்டு முறை பெருக்க வேண்டும் என்று 1686-ல் ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸ் எழுதினார். 1720-களில் ஹாலந்தைச் சேர்ந்த ஸ்கிராவெசாண்டே வாய்ச்சண்டையை விட்டுவிட்டுக் களிமண்ணைக் கையில் எடுத்தார். ஒரே அளவு, வேறு வேறு நிறை உள்ள உலோகக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் போட்டார். லேசான குண்டை உயரத்திலிருந்தும் கனமான குண்டைத் தாழ்விலிருந்தும் போட்டு, நிறையையும் உயரத்தையும் பெருக்கி வரும் தொகையைச் சமமாக வைத்தால் பள்ளங்களும் சமமாக விழுந்தன. விழும் பொருளின் வேகத்தின் வர்க்கம் உயரத்தைப் பொறுத்தது. ஆகவே பள்ளத்தைத் தீர்மானித்தது நிறையும் வேகத்தின் வர்க்கமும்தான். பிரான்ஸில் எமிலி தூ ஷாத்லே 1740-ல் வெளியிட்ட தன் இயற்பியல் நூலில் லைப்னிட்ஸின் பக்கம் நின்று வாதாடினார். நியூட்டனின் பிரின்சிபியாவைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். முன்னால் நிற்கும் ½ நிலைபெற 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலிஸ்.

நான்காம் படி: வீட்டுத் தரையில் சோதித்துப் பார்ப்பது

பிளம்பர் வேலை முடிந்து மிச்சம் கிடக்கும் பிவிசி பைப் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். நெடுக்காக இரண்டாக அறுத்து ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோலிக்குண்டு, ஒரு காகித டீ கப், ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கும் செல்போன். வேறு எதுவும் வேண்டாம்.

பைப்பின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையின் கீழே புத்தகங்களை அடுக்குங்கள். தரையைத் தொடும் முனையிலிருந்து பைப்பின் மேலாக 25 செ.மீ. அளந்து ஒரு கோடு, 100 செ.மீ. அளந்து ஒரு கோடு. நூறு சென்டிமீட்டர் கோடு இருக்கும் இடம் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி புத்தகங்களைச் சரிசெய்யுங்கள். அப்போது கீழ்க் கோடு தானாகவே 5 செ.மீ. உயரத்தில் இருக்கும்.

முதலில் கப் இல்லாமல் உருட்டுங்கள். கீழ்க் கோட்டிலிருந்து விட்ட கோலி, இரண்டடி டைல்ஸ் ஒன்றைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஸ்லோ மோஷன் படத்தில் பாருங்கள். சுமார் 0.72 நொடி வர வேண்டும். மேல் கோட்டிலிருந்து விட்டால் சுமார் 0.36 நொடி. அதாவது வேகம் இரண்டு மடங்கு. உராய்வால் கொஞ்சம் முன்பின் இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

அடுத்து, கப்பின் விளிம்பில் கோலி நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, கவிழ்த்து, பைப்பின் வாயருகே வையுங்கள். கோலி உள்ளே புகுந்து கப்பைத் தள்ளிக்கொண்டு போகும். கீழ்க் கோட்டிலிருந்து விட்டபோது கப் நான்கு விரற்கடை நகர்ந்தால், மேல் கோட்டிலிருந்து விட்டபோது பதினாறு விரற்கடைக்குப் பக்கத்தில் வரும். எட்டு விரற்கடை இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே இந்தச் சோதனையை வருடா வருடம் செய்கிறேன்.

சில எச்சரிக்கைகள். கப் சுழன்று திரும்பினாலோ கோலி துள்ளி வெளியே வந்தாலோ அந்த அளவை எடுக்காதீர்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். சுதந்திரமாக விழும் பொருளுக்கான சூத்திரத்தைக் கோலிக்குப் போட்டு வேகம் கண்டுபிடிக்கவும் முயல வேண்டாம். உருளும் கோலியின் ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடும், அதனால் அது விழும் கோலியைவிட மெதுவாகத்தான் வந்து சேரும். நிறையின் பங்கைச் சோதிக்க நினைத்தால் கோலி போதாது, ஏனென்றால் கப்பின் நிறையும் கணக்கில் குறுக்கிடும். மெக்கானிக் கடையில் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த பெரிய இரும்புக் குண்டுகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மரத்தடிக்குத் திரும்புவோம்

துண்டுச் சீட்டை எடுங்கள். 60-ல் வந்த காரிடம் 9 பங்கு, 80-ல் வந்ததிடம் 16 பங்கு. ஒரே தூரம், ஒரே பிரேக் என்பதால் இரண்டு காரிடமிருந்தும் பிரேக் எடுத்தது 9 பங்குதான். முதல் கார் அத்துடன் நின்றது. இரண்டாவதிடம் இன்னும் 7 பங்கு பாக்கி. ஏழின் வர்க்கமூலம் சுமார் 2.65, அதை 20-ஆல் பெருக்கினால் 53.

ஆம், மணிக்கு 53 கி.மீ. வேகத்தில் மோதுகிறது. பக்கத்துக் கார் நின்றுவிட்ட அதே இடத்தில்.

மனக்கணக்காகப் போட ஒரு சுருக்கு வழி உண்டு. வேகத்தின் கடைசி பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு வர்க்கம் எடுங்கள். 80-க்கு 64, 60-க்கு 36. கழித்தால் 28. அதன் வர்க்கமூலம் 5.3. பூஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்தால் 53. நூறில் போனவர் நின்றுவிட்ட இடத்தில் நூற்றுப் பத்தில் போனவர் என்ன ஆவார்? 121-ல் 100 போனால் 21, வர்க்கமூலம் சுமார் 4.6. மணிக்கு 46 கி.மீ. வேகத்தில் மோதுவார். "பத்துதானே கூட" என்று நினைத்தது இங்கே வந்து நிற்கிறது.

இதுவே இரக்கப்பட்டுப் போட்ட கணக்கு. இரண்டு பேரும் ஒரே இடத்தில் பிரேக் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டோம். நடைமுறையில் ஒரே இடத்தில் மரத்தைப் பார்ப்பார்கள், பிறகு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடியாவது ஆகும். அந்த ஒரு நொடியில் 60-ல் போகும் கார் 16.7 மீட்டர் ஓடும், 80-ல் போகும் கார் 22.2 மீட்டர். நொடிக்கு 20 கி.மீ. குறைக்கும் நம் பிரேக்கில் 60-ல் வந்த கார் அதன்பின் 25 மீட்டரில் நிற்கும். மொத்தம் 41.7 மீட்டர், மரமும் அங்கேதான். 80-ல் வந்தவருக்குப் பிரேக் போட மிஞ்சியது 19.4 மீட்டர் மட்டுமே, அது அவருடைய முதல் ஒரு நொடியிலேயே தீர்ந்துவிடும். அந்த ஒரு நொடியில் வேகம் 80-லிருந்து 60-க்குத்தான் இறங்கியிருக்கும். ஆக, முதல் கார் பிரேக்கே போடாமல் போய் இடித்திருந்தால் எந்த வேகத்தில் இடித்திருக்குமோ, அதே 60-ல் இவர் இடிக்கிறார்.

சுமை ஏற்றினால் என்ன ஆகும்?

நிறை கூடினால் ஆற்றலும் கூடும் என்றோம். அப்படியானால் நான்கு பேர் ஏறிய கார், ஓட்டுநர் மட்டும் இருக்கும் காரைவிட அதிக தூரம் ஓடித்தான் நிற்க வேண்டும் இல்லையா? காகிதத்தில் அப்படி வராது. நிறை கூடும்போது டயரைச் சாலை பிடிக்கும் உராய்வும் அதே மடங்கு கூடும். இரண்டும் அடிபட்டுப் போய், நிற்கும் தூரத்தில் நிறையே காணாமல் போகும்.

ஆனால் அந்த உராய்வு முழுவதையும் பயன்படுத்தும் அளவுக்கு பிரேக் தாங்க வேண்டும், சிக்கல் அங்கேதான். இயக்க ஆற்றல் மாயமாய் மறையாது, பிரேக்கில் சூடாக மாறும். 1,200 கிலோ காரை 80-லிருந்து நிறுத்தினால் சுமார் 2,96,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய இவ்வளவுதான் வேண்டும். 16 டன் லாரியை 60-லிருந்து நிறுத்தினால் அதே மாதிரி ஏழரை லிட்டர் தண்ணீர். ஒரு தடவைக்கு இது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒவ்வொன்றுக்கு முன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், ஆறுவதற்குள் அடுத்த சூடு ஏறி, பிரேக் பிடிக்கும் திறனே குறைந்துவிடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது, சூட்டின் பெரும்பங்கை இன்ஜின் பக்கம் தள்ளிவிடத்தான்.

உந்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

80-ல் போகும் நம் 200 கிலோ பைக்கிடம் 49,383 ஜூல். 40-ல் போகும் 800 கிலோ சின்னக் காரிடமும் அதே 49,383 ஜூல். நான்கு மடங்கு நிறையைப் பாதி வேகம் ஈடுகட்டிவிட்டது. ஆனால் உந்தத்தில், அதாவது நிறையை வேகத்தால் ஒரே ஒரு முறை பெருக்கிப் பார்த்தால், காருக்கு இரண்டு மடங்கு. அதே விசையால் இரண்டையும் நிறுத்தினால் இரண்டும் ஒரே தூரம் ஓடி நிற்கும், ஆனால் கார் நிற்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்றால் இயக்க ஆற்றலைப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் என்றால் உந்தத்தைப் பாருங்கள். முந்நூறு வருடத்துக்கு முன் சண்டை போட்ட இரண்டு கட்சிகளும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

ஆறாம் படி: ஆற்றலை அடியாக மாற்றிப் பார்ப்பது

ஆற்றல் எவ்வளவு என்று தெரிந்தால் மட்டும் எவ்வளவு அடி விழும் என்று சொல்ல முடியாது. அதை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதால் வகுக்க வேண்டும்.

108 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 30 மீட்டரில், கைக்கு வரும் கிரிக்கெட் பந்திடம் 72 ஜூல். கையை விறைப்பாக நீட்டி 5 செ.மீ.க்குள் நிறுத்தினால் சராசரி விசை 1,440 நியூட்டன். 25 கிலோ அரிசி மூட்டை ஆறை உள்ளங்கையில் வைத்தது போல. பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுத்து 30 செ.மீ.யில் நிறுத்தினால் 240 நியூட்டன், ஒரே ஒரு மூட்டை. பந்தின் ஆற்றல் இரண்டிலும் ஒன்றுதான்.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் பட்டையின் வேலையும் இதுவே. தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்கிறது. வெளி ஓடு பளபளவென்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குகிறோம், உள்ளே இருக்கும் பட்டையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் அந்தப் பட்டை ஏற்கெனவே நசுங்கியிருக்கும், இன்னொரு தடவை நசுங்க அதில் இடம் இருக்காது.

நிறையும் வேகமும் சேர்ந்தே மாறும் ஓர் இடம்

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அறுவடை செய்வது காற்றின் இயக்க ஆற்றலைத்தான். ஒரு சதுர மீட்டர் சட்டம் ஒன்றைக் காற்றுக்கு எதிரே பிடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால், ஒரு நொடியில் 5 கன மீட்டர் காற்று அதன் வழியே போகும். நிறை சுமார் 6 கிலோ. ½ × 6 × 5 × 5 = 75 ஜூல். நொடிக்கு 75 ஜூல் என்றால் 75 வாட், ஒரு பழைய சீலிங் ஃபேனுக்குச் சரி.

காற்று நொடிக்கு 10 மீட்டர் ஆகட்டும். வேகம் மட்டுமல்ல, ஒரு நொடியில் வந்து சேரும் காற்றின் நிறையும் இரட்டிப்பாகிவிடும், 12 கிலோ. ½ × 12 × 10 × 10 = 600 வாட். எட்டு மடங்கு. இங்கே வேகத்துக்கு மூன்றாவது நாற்காலியும் கிடைத்துவிட்டது. காற்றை முழுதாக நிறுத்தினால் பின்னால் வரும் காற்றுக்கு வழியிருக்காது என்பதால், இதில் அதிகபட்சம் 59 சதவீதம்தான் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியும். கொஞ்சம் கூடுதல் காற்றுக்காகக் கணவாயைத் தேடிப் போய்க் காற்றாலை நடுவதன் கணக்கு இந்த எட்டு மடங்கில் இருக்கிறது.

சூத்திரம் எதுவரை செல்லும்?

ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வரை போனாலும் இந்தச் சூத்திரத்தில் பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அதற்கு மேல் ஐன்ஸ்டைனின் கணக்கு வேண்டும். ராக்கெட்டுக்குக்கூட நம் சூத்திரமே போதும். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் விண்வெளிக் குப்பைகள் ஒன்றோடொன்று மோதும் வேகம் சராசரியாக நொடிக்கு 10 கி.மீ. அந்த வேகத்தில் வரும் ஒரே ஒரு கிராம் பொருளிடம் எவ்வளவு ஆற்றல்? ½ × 0.001 × 10,000 × 10,000 = 50,000 ஜூல். ஆளோடு சேர்த்து 80-ல் பறந்த நம் பைக்கிடம் இருந்ததைவிடச் சற்று அதிகம். 1983-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் சன்னல் கண்ணாடியில் பள்ளம் போட்டது ஒரு கிராம்கூட இல்லை, உரிந்து வந்த ஒரு பெயின்ட் துணுக்கு.

போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்

ஒன்று. 15 மீட்டர் மரத்திலிருந்து ஒன்றரைக் கிலோ தேங்காய் விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் ஆற்றல், சோயப் அக்தர் பந்தைவிட அதிகமா, குறைவா?

இரண்டு. ஓடும் ரயிலில் உங்கள் கையில் இருக்கும் டம்ளரின் இயக்க ஆற்றல் என்ன?

மூன்று. பள்ளிக்கூடத் தெருவில் 50-ல் வந்தவர் குறுக்கே வந்த நாயிடமிருந்து மயிரிழையில் நின்றுவிட்டார். அதே இடத்தில் பிரேக் போட்டவர் 60-ல் வந்திருந்தால்?

விடைகள்: முதலாவதில் 1.5 × 9.8 × 15, சுமார் 220 ஜூல். பந்தைவிட அதிகம், ஆகவே காய் பறிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். இரண்டாவது, உங்கள் பார்வையில் பூஜ்ஜியம், பிளாட்பாரத்தில் நிற்பவர் பார்வையில் அப்படியில்லை. வேகத்தை யாரைப் பொறுத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் ஆற்றலைச் சொல்ல முடியாது. மூன்றாவதில் 36-ல் 25 போனால் 11, அதன் வர்க்கமூலம் 3.3. நாயின் மேல் மணிக்கு 33 கி.மீ. வேகத்தில் மோதியிருப்பார்.